மச்சான் வாயில் ஒரு கவளம் அக்கூப்

என் மீசையின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். நான் தின்ற ரொட்டியின் மீதும் அதில் தொட்டுக்கொண்ட உப்பின் மீதும் சத்தியம். இனி வரப்போகும் சொற்களில் ஒன்றாவது பொய்யாக இருந்தால், நாளை விடியும்போது இந்த மீசை மட்டும் தலையணையில் கிடக்கட்டும், நான் தனியாகத் தரையில் கிடக்கிறேன். சிலர் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. பத்தை ஏழாகக் குறைத்துத்தான் சொல்வேன். கேட்கிறவர்களுக்கும் மூச்சு விட இடம் வேண்டும் அல்லவா?

அஜ்லூன் மலைச்சரிவில் ராஸ் அல்-ஹவா எங்கள் ஊர். காற்று மற்ற ஊர்களுக்குப் போகுமுன் எங்கள் ஊரில் இறங்கி வழி கேட்டுக்கொண்டுதான் போகும். அப்படிப்பட்ட ஊரில் முள்செடி விதைத்தவன் நான். அக்கூப்பைச் சொல்கிறேன்.

அக்கூப்பை யாரும் விதைப்பதில்லை. மழைக்காலத்தின் பின்பாதியில் பாறை இடுக்கில் அது தானாக வரும். இலை முழுக்க முள். பூ விடுவதற்கு முன், மண்ணுக்குக் கீழே கத்தியை விட்டு அறுத்து எடுப்போம். வேரை விட்டுவைப்போம், அடுத்த ஆண்டு மறுபடி வரும். வீட்டில் பெண்கள் உட்கார்ந்து கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கித் தள்ளினால் ஒரு மூட்டைக்கு ஒரு சட்டி தேறும். வெட்டிய இடத்தில் வடியும் பால் விரல்களைக் கறுப்பாக்கிவிடும், பத்து நாள் போகாது. அந்தப் பத்து நாளும் எங்கள் பெண்கள் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவார்கள். யார் வீட்டில் அக்கூப் வெந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஆட்டுக்கறியோடு தயிரில் கொதிக்கவிட்டு ஒரு தட்டு தின்றவன் அன்று முழுக்க யாரோடும் சண்டை போட மாட்டான். எங்கள் ஊரில் கொலைகள் எல்லாம் அக்கூப் முடிந்த பிறகுதான் நடந்திருக்கின்றன.

என் மீசை கறுப்பாக இருந்த காலம் அது. என் மனைவி துர்ஃபாவின் அண்ணன் ஆயித் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் எல்லோரும் ஒரு பெரிய செப்புத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து அக்கூப் தின்றுகொண்டிருந்தோம். ஆயித்தின் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சமைத்துக் கொடுத்தது துர்ஃபாதான்.

"இனிமே அக்கூப்புக்கு மலை மேல ஏற வேண்டியதில்ல. இர்பித் சந்தைக்குத்தான் போகணும்," என்றான் ஆயித். "பட்டணத்துக்காரனுங்க கார்ல வந்து வேரோட பிடுங்கிட்டுப் போறானுங்க."

"பிடுங்கட்டும் மச்சான். நான் விதைச்சுக்கறேன்," என்றேன்.

"என்னத்த விதைப்பே?"

"அக்கூப்ப."

தாம்பாளத்தைச் சுற்றிப் பதினோரு வாய்கள் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தின.

"மாப்ளே," என்றான் ஆயித், "கோதுமை விதைச்சாலே உன் நிலத்துல முள்ளுதான் வருது. இப்ப முள்ள விதைச்சா கோதுமை வருமாக்கும்?"

சிரிப்பு கூரையைத் தூக்கியது. ஒருவருக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஆயித் எழுந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "துர்ஃபா! உன் புருஷன் முள்ளு விதைக்கப் போறாராம். ஒரு தலைகாணி முள்ளுல தெச்சுக் குடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். அங்கேதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"கேட்டுக்கங்க எல்லாரும். இந்த அறுப்ப விட்டு மூணாவது கோதுமை அறுப்பு. இந்த மச்சான் நிலத்துல முதல் அரிவாள் விழறதுக்கு முன்னாடி, நான் விதைச்ச அக்கூப்ப இதே தாம்பாளத்துல வெச்சு, இந்தக் கையாலயே அவர் வாய்ல ஊட்டுவேன். ஊட்டலன்னா துர்ஃபாவுக்கு தலாக்!"

எங்கள் ஆண்களுக்கு இது ஒரு வியாதி. விருந்தாளி இன்னும் ஒரு கவளம் வாங்கிக்கொள்ளாவிட்டால் தலாக், தக்காளிக்காரன் ஒரு பிடி கூடப் போடாவிட்டால் தலாக் என்பார்கள். பெரும்பாலும் விருந்தாளி வாங்கிக்கொள்வான், தக்காளிக்காரனும் போட்டுவிடுவான், குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அக்கூப்புக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது.

எல்லோரும் இமாம் நூஹைப் பார்த்தார்கள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பி முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "தவணை வரைக்கும் அவ உன் பெண்டாட்டி. தவணை தாண்டினா இல்ல. சொன்ன சொல்லுக்குக் கால் முளைச்சாச்சு தியாப். இனிமே நீதான் பின்னாடியே ஓடணும்."

ஆயித்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு உடனே புரிந்தது. துர்ஃபா சுடும் ரொட்டியின் ஒரு விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் மறு விளிம்பு வெட்கப்பட்டு மடியும். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு, மனைவியும் போன பிறகு, ஆயித் தானே சுட்டுத் தின்றான். அவன் சுட்ட ரொட்டியால் ஒருமுறை குள்ளநரியை அடித்து விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். தங்கை வீடு திரும்பினால் அவனுக்கு மூன்று வேளையும் பெருநாள்.

வீட்டுக்கு வந்தபோது துர்ஃபா அடுப்படியில் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏ மனுஷா, சத்தியம் பண்ண உனக்கு மீசை இல்லியா? கழுதை இல்லியா? என் கழுத்துதான் கிடைச்சுதா?"

"விலை உயர்ந்த பொருள் மேலதானே சத்தியம் பண்ணுவாங்க."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல." திரும்பினாள். கண் சிவந்திருந்தது. புகையாக இருக்கலாம். "கேட்டுக்க. எங்கண்ணன் வீட்டுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன். ஒருத்தனுக்கு ரொட்டி சுட்டே என் முழங்கை தேஞ்சாச்சு. முளைக்கிற வரைக்கும் உன்ன நான் தூங்க விடமாட்டேன்."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். என்னைப் போல அல்ல.

முதல் வருடம் விதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. அக்கூப் விதை கல்லுக்கு அண்ணன். மேல்தோல் உடைந்தால் முளைக்குமோ என்று ஆலைக்கல்லில் போட்டுச் சுற்றினேன். கல் இரண்டாகியது. வெந்நீரில் போட்டேன். வெந்நீர் ஆறிப்போயிற்று. எங்கள் பழுப்புக் கோழி திருட்டுத்தனமாக நான்கு விதைகளை விழுங்கிவிட்டது. அதன் பிறகு அது இட்ட முட்டைகளை உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. ஆயித் தினமும் காலையில் என் நிலத்தின் ஓரமாக வந்து, கையைப் புருவத்தின் மேல் வைத்து, வெறும் மண்ணை ரொம்ப தூரம் பார்ப்பதுபோலப் பார்ப்பான்.

"என்னா விளைச்சல் மாப்ளே! கண்ணு கூசுது."

"வேர் விட்டுட்டிருக்கு மச்சான். நாங்க கீழேருந்து மேல வருவோம்."

எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகப்படுகிறவன் கடுகு விதைக்கட்டும்.

வழியைக் கண்டுபிடித்தவள் துர்ஃபா. ஒருநாள் மலையில் விறகு பொறுக்கிவிட்டு வந்து, சுமையை இறக்கும் முன்பே கேட்டாள்: "ஏ மனுஷா, காட்டு அக்கூப் எங்க அடர்த்தியா வருதுன்னு என்னைக்காவது பார்த்திருக்கியா?"

"மலை மேல."

"மலை மேல எல்லாந்தான் இருக்கு. வடக்குப் பாறைக்குக் கீழ. வெயில் படாத பக்கம். பனி கடைசியா கரையற இடம். அந்த விதை குளிர்ல நடுங்காம கண்ணு திறக்காது போல."

சரியாகத்தான் சொன்னாள். அடுத்த குளிர்காலம் விதைகளைச் சாக்கில் கட்டிப் பனியில் புதைத்தோம். எங்கள் நேரம், அந்த வருடம் பனி இரண்டே நாளில் கரைந்தது. விடவில்லை. மேல் பள்ளத்தாக்கில் நிழலில் கிடந்த பனியை வைக்கோல் சுற்றி வாரம் இரண்டு முறை சுமந்து வந்தோம். கழுதை மேல் இரண்டு கூடை, துர்ஃபா தலையில் ஒரு கூடை, என் தலையில் பொறுப்பு. நாற்பது நாள் சுமந்தோம். கழுதையின் வால் விறைத்து நிமிர்ந்து நின்றுவிட்டது, வீடு திரும்பும்போது அதில் லாந்தரை மாட்டிக்கொண்டு வருவோம். நாற்பத்தொன்றாம் நாள் சாக்கை அவிழ்த்தால் விதைகள் எல்லாம் வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. துர்ஃபா ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தூங்கிக்க," என்றாள். ஒன்பது மாதத்தில் அதுதான் எனக்குக் கிடைத்த முதல் முழுத் தூக்கம்.

நட்டோம். மற்றவர்கள் நட்டால் மேலே நான்கு இலை காட்டுவதற்கு முன் அக்கூப் கீழே வேரை இறக்கிக்கொண்டே இருக்கும், அறுப்புக்கு வர நான்கு வருடமாவது ஆகும். என் செடிகள் துர்ஃபாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவை, அவசரம் அவற்றுக்குத் தெரியும். வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஒருநாள் ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். கீழே சரிவில் ஆயித் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் வாளி கடகடவென்று ஆடியது. அவன் வெளியே ஓடிவந்து, "யார்றா அது தொட்டிக்குள்ள?" என்று கத்தினான். நான் விட்டுவிட்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

மூன்றாவது வருடம், பிப்ரவரி மழைக்குப் பிறகு, என் நிலத்தைப் பார்க்க மூன்று ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆயிரத்து இருநூறு செடிகள், ஒவ்வொன்றும் கதவு அகலம். காட்டுப்பன்றி ஒன்று மேய வந்து உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. போகும்போது அதன் முடி நடுவகிடு எடுத்துச் சீவப்பட்டிருந்தது.

மார்ச் மாதம் முதல் அறுப்பு அறுத்தேன். துர்ஃபா முள் நறுக்கினாள், விரல் பத்தும் கறுப்பு. கறியும் தயிரும் சேர்ந்து கொதித்த வாசனையில் ஊர்ப் பூனைகள் எங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. ஆயித் வீட்டிலிருந்து அதே செப்புத் தாம்பாளத்தை இரவல் வாங்கினேன். ஆண்கள் எல்லோரும் வந்தார்கள், இமாம் நூஹ் சாட்சி. ஆயித் நடுவில் உட்கார்ந்தான். முதலில் காபி கொடுத்தோம்.

ஆயித் காபிக் கோப்பையை வாங்கினான். குடிக்கவில்லை. தன் முன்னால் தரையில் வைத்தான்.

எங்களில் ஒருவன் காபியைக் குடிக்காமல் தரையில் வைத்தால், அவனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரன் அதைக் கொடுக்கும் வரை அவன் அந்த வீட்டில் தண்ணீர்கூடத் தொடமாட்டான். விருந்தாளி குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்காரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

"எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு மாப்ளே," என்றான்.

திரைக்குப் பின்னால் துர்ஃபா இருமினாள். ஒரு தரமல்ல, எலும்பு சிக்கிய ஆடு மாதிரி விடாமல் இருமினாள். அவள் எதற்கு இருமுகிறாள் என்று எனக்குத் தெரியும். என்ன வேண்டுதல் என்று முதலில் கேள் என்கிறாள். ஆனால் ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானோ ஆயிரத்து இருநூறு அக்கூப்புக்குச் சொந்தக்காரன். கொடுப்பதற்கு முன் என்னவென்று கேட்பது கஞ்சனின் குணம்.

"குடிங்க மச்சான்!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "கேட்டது கிடைச்சாச்சு!"

ஆயித் குடித்தான். அடி மண்டியைக்கூட விடவில்லை. கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் சொன்னான்: "என் வேண்டுதல் இதுதான். நானா வாய் திறந்து 'அக்கூப் குடு'ன்னு கேக்கற வரைக்கும் நீ அத என் வாய்கிட்ட கொண்டு வரக்கூடாது."

நான் இமாமைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"குடுத்தது குடுத்ததுதான்," என்றார் கூரையிடம்.

அன்று எல்லோரும் தின்றார்கள், ஆயித்தைத் தவிர. அவன் எச்சிலை விழுங்கியபடி உட்கார்ந்திருந்து, வெறும் வயிற்றோடு எழுந்து, சிரித்துக்கொண்டே போனான். அதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும், நான் மறுக்க மாட்டேன்.

எல்லோரும் போன பிறகு துர்ஃபா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"முதல் தடவ வாய விட்டே, பெண்டாட்டி போனா. ரெண்டாவது தடவ வாய விட்டே, விருந்து போச்சு. இப்ப மிச்சம் என்ன இருக்கு?"

"நம்பிக்கை இருக்கு."

"அத எந்தச் சட்டில வேக வெக்கறது?" தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனவள் பாதியில் நின்றாள். "மிச்சச் செடிய அறுக்காதே. ஒண்ணக்கூடத் தொடாதே. பூக்கட்டும்."

"பூத்தா நார் ஆயிடும் துர்ஃபா. திங்க ஆகாதே."

"ஆகாட்டிப் போவுது. நாலு விதை இருந்தா அடுத்து வர்ற புருஷனாவது விதைப்பான்."

நான் அறுக்கவில்லை. ஏப்ரலில் பூத்தன. அக்கூப் பூ அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். மஞ்சளும் பழுப்பும் ஊதாவுமாக, முள்ளுக்கு நடுவே முகம் கழுவாத பிள்ளை மாதிரி எட்டிப் பார்க்கும். ஆனால் ஆயிரத்து இருநூறு ஒரே நேரத்தில் பூத்தபோது அடுத்த மாவட்டத்துத் தேனீக்கள் மூட்டை முடிச்சோடு வந்து என் வேலியில் தங்கின. மே மாதம் வெயில் ஏறியது. செடிகள் காய்ந்து வைக்கோல் நிறமாகி, ஒவ்வொன்றும் ஒரு பெரிய முள்பந்தாகச் சுருண்டது. காய்ந்த அக்கூப் அடியோடு ஒடிந்து காற்றில் உருண்டு போகும், போகிற வழியெல்லாம் விதை சிந்தும். அதன் பயணம் அது.

அந்த வாரம் ஆயித் அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தான். அவன் கோதுமை இன்னும் பச்சை. கதிரை நசுக்கினால் பால் வரும். ஊரில் மற்றவர்கள் அறுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"என்ன மச்சான், பச்சையிலயே?" என்று கேட்டேன்.

"எனக்குப் பசிக்குது மாப்ளே. சனிக்கிழமை காலைல ஒரே ஒரு வீச்சு. முதல் அரிவாள் விழுந்தாப் போதும். மிச்சத்த அப்புறம் பார்த்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை முழுக்கக் காற்று அசையவில்லை. எங்கள் ஊரில் காற்று அசையவில்லை என்றால் அது எங்கோ குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சனிக்கிழமை விடியற்காலை கிழக்கிலிருந்து கிளம்பியது. பாலைவனத்துச் சூட்டுக்காற்று. என் நிலத்தில் ஆயிரத்து இருநூறு தண்டுகள் ஒன்றாக ஒடிந்த சத்தத்தை இர்பித்தில் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துக் கடையை மூடினார்களாம். கல்வேலியைத் தாண்டிக் குதித்து மொத்தக் கூட்டமும் சரிவில் உருண்டது. வழியில் இமாம் நூஹ் காயப்போட்டிருந்த அங்கிகளை மாட்டிக்கொண்டது. இரண்டு கோழிகளைத் தூக்கிக்கொண்டது. நான் பின்னாலேயே ஓடினேன். மூன்று வருட உழைப்பும் ஒரு பெண்டாட்டியும் ஊரை விட்டு உருண்டுபோகிறார்கள் என்று அழுதுகொண்டே ஓடினேன். இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் துர்ஃபா ஓடவில்லை. செருப்பைத் தேடி நிதானமாக மாட்டிக்கொண்டு நடந்து வந்தாள்.

சரிவின் அடியில், மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த மடிப்பில் இருக்கிறது ஆயித்தின் வீடு. அத்தனை அக்கூப்பும் அங்கே போய் முட்டி நின்றது. ஒன்றின் முள் இன்னொன்றைக் கவ்வ, அதன் மேல் இன்னொன்று ஏற, வாசலும் ஜன்னல்களும் மறைந்து, வீடு இருந்த இடத்தில் ஒரு முள்மலை நின்றது. உள்ளே ஆயித், கையில் அரிவாள்.

"காத்து எங்க போய் நிக்கும்னு அந்த வீட்ல பிறந்த எனக்குத் தெரியாதா?" என்றாள் துர்ஃபா. "பதினெட்டு வருஷம் அந்த வாசல்ல முள்ளு கூட்டினவ நான்."

ஊர் கூடியது. கவைக்கோலால் குத்தி இழுத்துப் பார்த்தார்கள், கவைக்கோல்தான் உள்ளே போயிற்று. தீ வைக்கலாம் என்றான் ஒருவன். சுற்றிலும் கோதுமை என்று அவனை உட்கார வைத்தார்கள். கடைசியில் ஊரிலிருந்த ஏழு கழுதைகளையும் கொண்டுவந்து மேயவிட்டார்கள். காய்ந்த அக்கூப் என்றால் கழுதைக்குப் பிடிக்கும். இமாம் கணக்குப் போட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் வாசல் தெரியும் என்றார். வாசல் திறந்ததும் ஆயித் பாய்ந்து போய் அரிவாளை வீசிவிடுவான். எனக்கு மூன்று நாள் இருந்தது.

"என் செடில மாட்டினவர் என் விருந்தாளி," என்று ஊரறிய அறிவித்தேன். "மூணு நாளும் என் வீட்டுச் சாப்பாடு. வேற யாரும் ஒரு ஆலிவ் காய்கூடக் குடுக்கக் கூடாது."

இதை யாரும் மறுக்க முடியாது. எங்கள் வீடுகளில் மொட்டை மாடித் தரையில் தானியம் கொட்ட ஒரு துளை உண்டு, என்னைப் போல ஒல்லி ஆள் இறங்கும் அளவுக்கு, ஆயித்தின் அகலத் தோள் ஏறும் அளவுக்கு அல்ல. பாறையிலிருந்து பலகை போட்டு ஆயித்தின் கூரைக்குப் போனோம். துர்ஃபா அங்கேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். முதல் வேளை வெறும் ரொட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள்.

"தாயி, உன் கை வாழ்க!" என்றது கீழிருந்து ஒரு குரல். பிறகு மெல்லும் சத்தம். பிறகு, "தியாப் மாப்ளே, நான் நல்லா இருக்கேன். அவசரமே இல்ல. கழுதைங்க சாப்பிடட்டும்."

அப்போதுதான் துர்ஃபா முள்மலையிலிருந்து நாற்பது தலைகளை இடுக்கியால் பிடுங்கி, தடியால் அடித்து, விதையை உதிர்த்தாள். சட்டியில் போட்டு வறுத்தாள். வறுபட்ட அக்கூப் விதை எப்படி மணக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மரத்துக் கொட்டையும் கறியும் கல்யாணம் செய்துகொண்டு, ஆலிவ் எண்ணெயை விருந்துக்கு அழைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடித்து, எண்ணெயில் குழைத்து, சூடான ரொட்டியின் மேல் தடவி, கூரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கொடுத்தாள். கீழே போனது வெறும் ரொட்டி மட்டும்.

முதல் நாள் ஆயித் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாள், "மேல என்ன வாசம்?" என்றான்.

"ஒண்ணுமில்ல அண்ணே. இமாம் துணி காயுது."

"துணி இப்படியா மணக்கும்?"

"நல்லவர் துணி அண்ணே."

இமாம் நூஹ் ஐந்தாவது ரொட்டியைத் தின்றபடி தலையாட்டினார். என் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு கடிக்கும் துளைக்கு நேராகக் குனிந்து, "ஆஹா" என்று மெதுவாகச் சொல்வேன். விருந்தாளியைத் தொந்தரவு செய்யாத அளவுக்கு.

மூன்றாம் நாள் மதியம். கழுதைகள் வாசல்படிக்கு ஒரு முழம் வரை வந்துவிட்டன. துர்ஃபா இறங்கிப் போய் அவற்றுக்கு ஒரு சாக்கு வாற்கோதுமை வைத்தாள். பாவம், ஒரே முள்ளைத் தின்று அலுத்துப் போயிருக்கும் என்றாள். கழுதைகள் அக்கூப்பை விட்டுத் திரும்பின. கீழே ஆயித் அதைக் கதவிடுக்கால் பார்த்திருக்க வேண்டும்.

"அடியே, உன் வேலைதானா இது? அண்ணனுக்குத் துரோகம் பண்றியே!"

"துரோகமில்ல அண்ணே. கழுதைக்கும் வயிறு இருக்கு." துளைக்கருகே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் சுட்ட ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். ஆவி துளை வழியாக உள்ளே இறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். படி வைத்த மாதிரி இறங்கியது. சிரிப்பு அவள் முகத்திலிருந்து போய்விட்டது. "அண்ணே. நான் வந்து சுட்டுப் போட்டா உங்களுக்கு ரொட்டி கிடைக்கும். ஆனா எனக்கு அந்த மனுஷன் கிடைக்க மாட்டான். வாய்க்கொழுப்புப் பிடிச்சவன்தான். நாற்பது நாள் பனி சுமந்தான் அண்ணே. வழி நெடுக என்னச் சிரிக்க வெச்சுக்கிட்டே வந்தான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உங்களுக்கு ரொட்டி சுட்டு அனுப்பறேன். கேளுங்க அண்ணே. ஒரே ஒரு வார்த்த."

கழுதைகள் வாற்கோதுமையை முடித்துவிட்டு மறுபடி முள்ளைப் பார்த்தன.

"வெள்ளிக்கிழமை மட்டுமா?" என்றது குரல்.

"செவ்வாயும்."

"...குடு."

"என்னத்தக் குடுக்கணும்னு வாய் திறந்து சொல்லு ஆயித்," என்றார் இமாம், எண்ணெய் வழியும் தாடியைத் துடைத்துக்கொண்டு. "சாட்சிக்குக் காது கேக்கணும்."

"அக்கூப்! அக்கூப்பக் குடுங்கடா! மூணு நாளா மனுஷன் மூக்கு அழுவுதே!"

என் இடுப்பில் கயிறு கட்டினார்கள். செப்புத் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு துளை வழியாக இறங்கினேன். ஆயித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான், அரிவாள் மடியில் கிடந்தது. ரொட்டியை விதை விழுதில் அழுத்தி எடுத்து, இந்த வலது கையால், அவன் வாயில் வைத்தேன். தின்றான். என் நடுவிரலையும் சேர்த்துக் கடித்தான், தழும்பு இன்னும் இருக்கிறது. மென்று முடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "பாவி, நல்லா இருக்கு," என்றான். பிறகு, "இன்னொண்ணு."

மேலே துளையில் துர்ஃபாவின் முகம் தெரிந்தது. ஊர் கைதட்டிக்கொண்டிருந்தது, அவள் தட்டவில்லை. முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு, அடுப்புக் கரி படிந்த விரல்களால் துளையின் விளிம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல வா மனுஷா," என்றாள், "கயிறு என் கையிலதான் இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் மலையில் அக்கூப் விதைக்கிறவர்கள் எல்லோரும் சாக்கில் கட்டிப் பனியில்தான் புதைக்கிறார்கள். சந்தேகம் கேட்க என்னிடம்தான் வருகிறார்கள், நானும் தயங்காமல் சொல்லி அனுப்புகிறேன்.

எனக்கு எண்பத்து மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை.